பேர்க்லி யுனிக்ஸ்: திறந்த மூலநிரல் முறைமையொன்றின் ஆக்கமும் ஒழுங்கமைப்பும்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையும் அவற்றை ஆக்கியோரின் மேதாவிலாசத்தையுமே முதன்மைப்படுத்துவர். திறந்த மூலநிரல் முறைமைகளைப் பற்றிய எழுத்துக்களும் இதற்கு விலக்கன்று. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த றிச்சார்ட் ஸ்ரோல்மனும், 1991இல் லினக்ஸை வெளியிட்ட லினஸ் ரோவால்ட்ஸும் அறியப்பட்ட அளவிற்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலே பணியாற்றிய சிறு குழுவினர் அறியப்படவில்லை. பல்லாயிரம் கோப்புகளைப் பலர் கூடி எழுதுவதும், அவற்றுள் எது எவரது ஆக்கம் எனக் கணக்கு வைப்பதும், முழுமையையும் எவரும் மீளக் கட்டியெழுப்பத்தக்கவாறு ஒழுங்குபடுத்துவதுமே இத்தகைய முறைமையொன்றின் உயிர்நாடி என்பதை அக்குழுவின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

பணிசெயல் முறைமை என்பது கணனியின் வன்பொருளுக்கும் பயன்படுத்துவோரின் செய்நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைப்பதாகும். அதன் மையப் பகுதி ‘கரு’ எனப்படும். மனிதர் வாசித்து விளங்கத்தக்க மொழியில் எழுதப்பட்ட வடிவம் மூலநிரல். தொகுப்பான் என்னும் செய்நிரல் அதனைப் பொறி விளங்கும் வடிவிற்கு மாற்றுகின்றது. மாற்றப்பட்ட வடிவத்தை மட்டும் பெற்றவர் முறைமையைப் பயன்படுத்தலாமேயன்றி, அதனைக் கற்பதும் திருத்துவதும் அவருக்கு அரிதாகும். ஆகவே, மூலநிரல் எவர் கையில் உள்ளது என்ற வினா, அறிவு எவர்க்கு உரியது என்ற வினாவாகவும் அமைகின்றது.

ஏ.ரி. அன் ரி. நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரால் தொடங்கப்பட்ட யுனிக்ஸ், 1973இல் ‘சி’ மொழியில் மீள எழுதப்பட்டது. தொலைபேசித் துறைக்கு அப்பாற்பட்ட வணிகத்தில் ஈடுபடுவதை 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத் தீர்ப்பு அந்நிறுவனத்திற்குத் தடைசெய்திருந்தது. எனவே, பல்கலைக்கழகங்கள் சிறு கட்டணத்துடன் யுனிக்ஸை மூலநிரலோடு பெற முடிந்தது. பழுது நேரின் உதவ நிறுவனம் முன்வராமையால், பயன்படுத்துவோர் தமக்குள்ளேயே திருத்தங்களைப் பரிமாறிக்கொள்ளலாயினர். பிற்காலக் கூட்டுமுயற்சியின் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

இச்சூழலின் கல்விப் பயனை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் எடுத்துக்காட்டிற்று. 1976-77 காலப்பகுதியில் அங்கு விரிவுரையாற்றிய ஜோன் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருவினது மூலநிரலையும் அதற்கான விளக்கத்தையும் மாணவர்க்கெனத் தொகுத்தளித்தார். நம் உரையாசிரியர்கள் மூலத்தை முன்வைத்து அதற்கு உரை கண்டமை போன்றதே இம்முயற்சி. ஆனால், 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் அனுமதிப்பத்திரம் மூலநிரலை வகுப்பறையில் பாடமாகப் பயில்வதைத் தடைசெய்தது. லயன்ஸின் நூல் நீண்டகாலம் நிழற்படப் பிரதிகளாகவே கைமாறி, 1996இல்தான் முறைப்படி வெளியிடப்பட்டது. பல்கலைக்கழகங்கள் கற்றும் திருத்தியும் வந்த ஒன்று வணிகச் சொத்தாக இறுகத் தொடங்கியதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

பேர்க்லி வளாகத்திற்கு யுனிக்ஸ் 1974இல் வந்து சேர்ந்தது. அங்கு பட்டப்பின் மாணவராயிருந்த பில் ஜோய், 1978இல் பஸ்கால் மொழிக்கான செய்நிரலையும் தாம் எழுதிய பதிப்பியையும் காந்த நாடாவில் பதித்து ‘பேர்க்லி மென்பொருள் விநியோகம்’ என்னும் பெயரில் அனுப்பினார். அவ்வாறு சென்றவை ஏறத்தாழ 30 பிரதிகளேயாம். 1980 முதல் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகமான டார்ப்பாவின் நிதி கிடைத்தது. கணனி முறைமைகள் ஆய்வுக்குழு உருவாயிற்று. 1983இல் வெளியான 4.2 பதிப்பு, இணையத்தின் அடிப்படையான வலையமைப்பு நெறிமுறைகளை யுனிக்ஸுடன் பரவலாகக் கொண்டுசென்றது.

எனினும் ஒரு முரண்பாடு நீடித்தது. பேர்க்லியின் ஆக்கத்தைப் பெற விரும்புவோர் முதலில் ஏ.ரி. அன் ரி.யிடம் மூலநிரல் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்தது. அதன் கட்டணமோ ஏறிக்கொண்டே சென்றது. வலையமைப்புப் பகுதி பல்கலைக்கழகத்திலேயே ஆக்கப்பட்டதாதலின், அது 1989 ஜூனில் தனியாக வெளியிடப்பட்டது. நாடாவின் விலை 1,000 டொலர். ஆயினும் அதனைப் பெற்றவர் பிறருக்குத் தாராளமாக வழங்கலாம். பதிப்புரிமைக் குறிப்பைப் பேணுவதும், ஆக்கியோர்க்கு உரிய மதிப்பளிப்பதுமே நிபந்தனைகளாயின.

அடுத்த கட்டமே ஒழுங்கமைப்பின் வலிமையை நன்கு புலப்படுத்துகின்றது. ஏனைய பகுதிகளையும் விடுவிக்கவேண்டுமெனக் குழுவின் கீத் பொஸ்ரிக் வற்புறுத்தினார். நூற்றுக்கணக்கான பயன்பாட்டுச் செய்நிரல்களைச் சிலரால் மீள எழுத இயலாதெனக் கண்ட அவர், வலையமைப்பு வழியே தொண்டர்களை நாடினார். பழைய மூலநிரலைப் பாராது, வெளியிடப்பட்ட விவரணங்களை மட்டும் கொண்டு ஒவ்வொருவரும் ஒரு செய்நிரலைப் புதிதாக எழுதவேண்டும். எழுதியவர் பெயர் பங்களித்தோர் பட்டியலில் இடம்பெறும். வேறு ஊதியம் இல்லை. பதினெட்டு மாதங்களுள் முக்கியமான செய்நிரல்கள் ஏறக்குறைய யாவும் எழுதி முடிக்கப்பட்டன. பின்னர் பொஸ்ரிக், மைக் கரெல்ஸ், கேர்க் மக்கூசிக் ஆகிய மூவரும் கருவின் கோப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஏ.ரி. அன் ரி.யின் நிரலைக் களைந்தனர். முடிவில் எளிதில் மாற்றவியலாத ஆறு கோப்புகளே எஞ்சின. அவற்றை நீக்கிய முறைமை 1991 ஜூனில் வெளியாயிற்று; அவ்வாறுக்கும் மாற்றை எழுதிய பில் ஜோலிற்ஸ், 386 வகைக் கணனிகளில் இயங்கும் வடிவத்தை 1992இல் வழங்கினார்.

அவ்வாண்டிலேயே ஏ.ரி. அன் ரி.யின் துணை நிறுவனமொன்று, பேர்க்லியின் வெளியீட்டை ஆதாரமாகக் கொண்டு வணிகம் செய்த பி.எஸ்.டி.ஐ. கம்பனி மீது வழக்குத் தொடர்ந்தது. பின்னர் பல்கலைக்கழகமும் பிரதிவாதியாக்கப்பட்டது. விநியோகத்தைத் தடுக்கும் இடைக்காலத் தடையை 1993இல் நீதிமன்றம் மறுத்தது. பல்கலைக்கழகமோ, தனது ஆக்கங்களைப் பயன்படுத்திய யுனிக்ஸ் பதிப்பில் உரிய மதிப்பளிக்கப்படவில்லையென எதிர்வழக்கிட்டது. 1994 ஜனவரியில் இணக்கம் ஏற்பட்டபோது, 18,000 கோப்புகளுள் 3 மட்டுமே அகற்றப்பட்டன. வேறு சில சிறு மாற்றங்களுடன், ஏறத்தாழ 70 கோப்புகளில் எதிர்த்தரப்பின் பதிப்புரிமைக் குறிப்புச் சேர்க்கப்பட்டது. முன்னரே கோப்புக்குக் கோப்பு நடைபெற்ற ஆய்வு இத்தருணத்தில் எத்துணைப் பயன்பட்டிருக்கும் என்பதை இவ்வெண்களே உணர்த்தும்.

வழக்கின் நிழல் படிந்திருந்த காலத்தில் லினக்ஸ் வேகமாக வளர்ந்தது. 386 வடிவம் முன்னரே கிடைத்திருப்பின் தாம் லினக்ஸைத் தொடங்கியிருக்கமாட்டார் எனும் கருத்தை ரோவால்ட்ஸே வெளியிட்டுள்ளார். பேர்க்லிக் குழு 1995இல் கலைந்தபோதிலும் அதன் மரபு அற்றுப்போகவில்லை. 1993இல் நெற் பி.எஸ்.டி., பிரீ பி.எஸ்.டி. ஆகியனவும், 1995இல் ஓப்பின் பி.எஸ்.டி.யும் தோன்றின. இவற்றில் கருவும் நூலகங்களும் அடிப்படைச் செய்நிரல்களும் ஒரே மூலநிரல் மரத்தின் கிளைகளாக அமைகின்றன. லினக்ஸைச் சார்ந்த முறைமைகளிலோ, பல இடங்களில் ஆக்கப்பட்டவற்றை விநியோகிப்போர் ஒன்றுசேர்க்கின்றனர். மரத்தில் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமை ஓர் எல்லைக்குட்பட்டோர்க்கே உண்டு; பிரீ பி.எஸ்.டி.யில் வழிநடத்தும் குழு 2000ஆம் ஆண்டு முதல் அவர்களாலேயே தெரிவுசெய்யப்படுகின்றது.

கட்டியெழுப்பும் முறையும் இவ்வொழுங்கையே தழுவியது. பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவட் பெல்ட்மன் 1976இல் ஆக்கிய ‘மேக்’ என்னும் கருவி, எது எதில் தங்கியுள்ளது என எழுதப்பட்ட விதிகளைப் பின்பற்றி, மாற்றமுற்றவற்றை மட்டும் மீளத் தொகுக்கும். பிரீ பி.எஸ்.டி.யில் ‘பில்ட்வேர்ல்ட்’ என ஆணையிடின், பழைய தொகுப்பான் புதிய தொகுப்பானை ஆக்கும். புதியது நூலகங்களையும் பின் ஏனையவற்றையும் தொகுக்கும். அதன் பின்னரே கரு தொகுக்கப்படும். ஆயினும் மூலநிரல் கையிலிருப்பது மட்டும் போதாது. திரிபுற்ற தொகுப்பான், தூய மூலநிரலிலிருந்தும் தீய விளைவை ஆக்கக்கூடும் எனத் தொம்சன் 1984இல் வெளியான தமது ரியூரிங் விருதுரையில் எச்சரித்தார். ஒரே மூலத்திலிருந்து எவர் தொகுப்பினும் ஒரே விளைவு கிடைக்கும் நிலையை நெற் பி.எஸ்.டி. 2017இல் அறிவித்தமை, அக்கவலையைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்றாகும்.

இவ்வரலாற்றிற் குறைகளும் இல்லாமலில்லை. இராணுவ நிதியில் வளர்ந்த இம்முறைமையின் தாராள நிபந்தனைகள், கம்பனிகள் அதனை எடுத்தாண்டு தமது திருத்தங்களை மறைத்துக்கொள்ளவும் இடமளித்தன. திருத்திய வடிவத்தை வழங்குவோர் அதன் மூலநிரலையும் வழங்கவேண்டும் என்னும் ஸ்ரோல்மனின் 1989ஆம் ஆண்டு அனுமதிப்பத்திரம் இதற்கு மாற்றாக அமைந்தது. இவ்விரு நெறிகளுள் எது சிறந்தது என்ற விவாதம் இன்றும் தொடர்கின்றது. எவ்வாறாயினும், பல்கலைக்கழகம் தான் ஆக்கிய அறிவைப் பொதுவுடைமையாக வைத்திருக்க வேண்டுமாயின், நல்லெண்ணம் மட்டும் அதற்குப் போதாது. எழுதியவர் எவர், எடுத்தது எங்கிருந்து என்ற கணக்கு ஒழுங்காகப் பேணப்படல் வேண்டும். பெயரன்றி வேறொன்றும் பெறாது எழுதிய தொண்டர்களும், கோப்புக்குக் கோப்பு ஆராய்ந்த மூவரும் வரலாற்றில் இடம்பெறத் தகுதியுடையோர் என்பதில் ஐயமில்லை.