இயந்திரத்தின் மூச்சு



மோட்டார் சைக்கிள் எதை உண்டு ஓடுகிறது என்று வினவினால், பெட்ரோலை உண்டு ஓடுகிறது என்றே எவரும் விடையிறுப்பர். விலை கொடுத்து வாங்குவது அதுவாகையால் அதுவே நம் நினைவில் நிற்கிறது. விலையின்றிக் கிடைக்கும் காற்றை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. எடையளவில் நோக்கினால், ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்குக் குறையாத காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து திருச்சிராப்பள்ளி சுமார் 90 கிலோமீட்டர் தொலைவு. பழைய புல்லட் வண்டி ஒன்று இரண்டரை லிட்டர் பெட்ரோலில் அவ்வழியைக் கடப்பதாகக் கொண்டால், அதற்குள் 22,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்று அதன் தொண்டைக்குள் சென்று மீள்கிறது. மனிதர் ஒருவர் ஒரு நாள் முழுதும் உள்ளிழுக்கும் காற்று பத்தாயிரம் லிட்டரை ஒட்டியது. ஆக, இருவர் இரவும் பகலும் விடும் மூச்சை அவ்வண்டி இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடுகிறது.

அந்தக் காற்றோடு உள்ளே செல்வது யாது என்பதே இன்று நாம் பேசப்போகும் பொருள்.

செட்டிநாட்டில் பிறந்தவர்க்கு இவ்வினாவின் விடையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செம்மண்ணும், செம்புறாங்கல்லும், சரளையும் நிறைந்த நிலம் அது. ஆடி மாதத்துக் காற்று எழுந்தால் வெள்ளை வேட்டி மாலைக்குள் காவி வேட்டியாகிவிடும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பொருளீட்டித் திரும்பிய நகரத்தார் தம் ஊர்களுக்கு மேலைநாட்டு மோட்டார் வண்டிகளைக் கொணர்ந்த நாளில், கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் தேவகோட்டைக்கும் தார்ச்சாலைகள் இல்லை. கப்பிச்சாலையும் வண்டித்தடமுமே இருந்தன. வண்டிக்கு முன்னே வழி தெரியும். பின்னே செம்புழுதியன்றி வேறொன்றும் தெரியாது.

அப்புழுதியிற் பெரும்பகுதி மணிக்கல் எனப்படும் குவார்ட்ஸ் துகள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. சிலிண்டரும் பிஸ்டன் வளையமும் செய்யப்படும் வார்ப்பிரும்பு அதனினும் மெல்லியது. மெல்லிய இரும்புக்கும் இரும்புக்கும் இடையே கடிய மணல் புகுந்தால் நிகழ்வதை, அரைக்கும் அம்மியைக் கண்டோர் அறிவர். வேடிக்கை என்னவெனில், கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலினும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளே பெருங்கேடு விளைப்பது. மனிதத் தலைமயிரின் தடிப்பு சற்றேறக்குறைய 70 மைக்ரான். அதில் நாலில் ஒரு பங்கோ ஏழில் ஒரு பங்கோ அளவுள்ள துகள், இரும்புக்கிடையே எண்ணெய்ப் படலம் நிற்கும் இடைவெளிக்குச் சரியாகப் பொருந்திக்கொண்டு இருபுறமும் தேய்க்கிறது. சுவரைத் தேய்த்தபின் எண்ணெயோடு கீழிறங்கி, அடியிலுள்ள தாங்கிகளையும் தேய்க்கிறது.

இதனை முதலில் உணர்ந்தவர்கள் உழவர்கள். தொடக்க கால மோட்டார் வண்டிகளின் கார்புரேட்டர் வாய் திறந்தே கிடந்தது. மிஞ்சினால் இலையும் பூச்சியும் புகாதிருக்க ஒரு கம்பி வலை இருக்கும். உழும் டிராக்டரோ நாள் முழுதும் தான் கிளப்பும் புழுதியிலேயே நிற்க வேண்டியது. 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிராக்டர் விற்பனை செய்துவந்த பிராங்க் டொனால்ட்சன் என்பார், தூசியால் எஞ்சின் பாழாவதைக் கண்டு, அதன் மூச்சுக்குழலுக்கு வடிகட்டி ஒன்றைச் செய்து பொருத்தினார். அவர் பெயரால் எழுந்த நிறுவனம் இன்றும் வடிகட்டிகளையே செய்து வருகிறது.

உழவர் கண்டதைப் போர் மறுபடியும் கற்பித்தது. 1940 முதல் 1943 வரை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நிகழ்ந்த போரில் நம் நாட்டின் 4ஆவது படைப்பிரிவும் இருந்தது. அங்கே பகைவரோடு பொருததைப் போலவே மணலோடும் பொருத நேர்ந்தது. ஆங்கிலேயரின் ஸ்பிட்பயர் விமானத்திற்கு வோக்ஸ் என்னும் பெரிய வடிகட்டியைப் பொருத்தினர். தாடை தொங்கியது போன்ற அந்தப் பெட்டி எஞ்சினைக் காத்தது. ஆனால் காற்றை எதிர்த்து நின்று விமானத்தின் வேகத்தைக் குறைத்தது. உயிர் பிழைப்பது வேகத்தாலா, எஞ்சின் நீடித்து உழைப்பதாலா என்று வீரர்கள் தடுமாறினர். பின்னர் எகிப்திலுள்ள அபூகீர் பணிமனையில் அதனினும் சிறிய வடிவம் ஒன்றைச் செய்து, அக்குறையை ஓரளவு போக்கினர்.

மோட்டார் சைக்கிள்களின் கதையும் அதுவே. பி.எஸ்.ஏ. எம்20 முதலிய படை வண்டிகளில், பெட்ரோல் தொட்டியின் மேலேயே வடிகட்டிப் பெட்டியை ஏற்றி வைத்தனர். ஜெர்மானியரின் பி.எம்.டபிள்யூ. ஆர்75 வண்டியிலும் வடிகட்டி தொட்டியின் உச்சிக்கு ஏறியது. பார்வைக்கு அது அழகன்று. ஓட்டுவோர் மடியில் ஒரு தகரப்பெட்டியைச் சுமந்தது போலிருக்கும். ஆனால் புழுதி தாழ்வாகவே மிகுந்து நிற்பது; மேலே செல்லச் செல்லக் குறைவது. நல்ல வடிகட்டியைத் தேடுமுன் நல்ல காற்று நிற்கும் இடத்தைத் தேடுக என்பதை அப்படையினர் கண்டனர். இதை நான் மிகவும் மதிக்கிறேன். பெட்டியின் உட்பொருளைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் வாய் எங்கே திறக்கிறது என்று கேட்போர் சிலரே.

அதே போர்க்காலத்தில் நம் நாட்டிலும் வடிகட்டியைப் பற்றிய ஒரு பாடம் நடந்தது. பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. 1912இல் மதுரையில் பஸ் தொழிலைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனத்தார், அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியோட்டும் கருவியை உருவாக்கினர். பின்புறம் ஓர் உருளை அடுப்பைச் சுமந்து ஓடிய கரி பஸ்களை அக்காலத்தவர் மறக்கவில்லை. கரியைப் போதாத காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு பிறக்கும். அது எஞ்சினில் மறுபடியும் எரியும். ஆனால் அதனுடன் சாம்பலும் கரித்தூளும் சேர்ந்தே வரும். ஆகவே கரிவாயு வண்டியின் வெற்றி தோல்வி அடுப்பில் இருந்ததைவிட, அடுப்புக்கும் எஞ்சினுக்கும் இடையேயிருந்த வடிகட்டியில்தான் இருந்தது. அதைத் துப்புரவு செய்யச் சோம்பியவர் எஞ்சினையே கழற்ற வேண்டி வந்தது.

இனிப் புல்லட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் 1932ஆம் ஆண்டில் அப்பெயர் தோன்றியது. நம் நாட்டுப் படையினர் எல்லைக் காவலுக்கென 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தனர். 1955இல் ரெட்டிச் நிறுவனத்தாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை அமைத்தனர். மறு ஆண்டு திருவொற்றியூரில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் இங்கிலாந்திலிருந்து பகுதிகளாக வந்த வண்டிகளை இங்கே இணைத்தனர். 1956 முடிவதற்குள் அவ்வாறு உருவானவை 163. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டபின்னும் திருவொற்றியூர் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தது. 1977 முதல் இங்கிலாந்துக்கே அனுப்பவும் தொடங்கியது. கொண்டவன் கொடுத்தவனுக்கே விற்ற இக்கதை தனியொரு பேச்சுக்கு உரியது; இங்கே அதனை நீட்டவில்லை.

அவ்வெஞ்சினின் சிலிண்டர் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் உயரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும்போது 1,500 முறை மூச்சிழுக்கும். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் நிறைவதாகக் கொண்டால் நிமிடத்திற்கு 519 லிட்டர். உண்மையில் அவ்வளவு நிறைவதில்லை. கைப்பிடியைச் சிறிதே திருப்பி ஓட்டும்போது மிகவும் குறையும். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு தூசி இருப்பதாகக் கொள்வோம்; புழுதிச்சாலைக்கு இது மிகையான கணக்கன்று. ஆயிரம் லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குள், அதாவது சுமார் 35,000 கிலோமீட்டருக்குள், 90 கிராம் தூசி வாயிலில் வந்து நிற்கும். ஒரு கை நிறைய மண்! அதை வாயிலிலேயே நிறுத்துவதா, உள்ளே விடுவதா என்பதே கேள்வி.

உள்ளே விட்டவர் கொடுக்கும் விலையும் பெரிது. சிலிண்டர் தேய்ந்தால் எண்ணெய் மேலேறி நீலப்புகை வரும். பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர். அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் இருபது, நாற்பது என அது ஏறும். ஆனால் சுவர் மெலிந்துகொண்டே போவதால் எல்லையின்றிக் கடைய இயலாது. பழைய புல்லட்டின் எண்ணெய் வடிகட்டியும் பெல்ட் துணியால் ஆன எளிய ஒன்றே. மூச்சுக்குழல் தவறவிட்டதையெல்லாம் அது பிடித்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

ஆயின் எவ்வகை வடிகட்டியைத் தேர்வது? எண்ணெய் தோய்ந்த கம்பிவலை மிகப் பழையது. அது கழுவ எளிது. பெருமணலைப் பிடிக்கும், நுண்துகளைத் தப்ப விடும். எண்ணெய்க் குளியல் வடிகட்டி அறிவு நிறைந்த அமைப்பு. காற்றை வேகமாகக் கீழே செலுத்தி, எண்ணெய்ப் பரப்பின்மேல் சட்டென்று திருப்புவர். காற்று திரும்பிவிடும், கனத்த தூசி திரும்ப மாட்டாமல் எண்ணெயில் விழும். முறத்தில் புடைக்கும் பெண்கள் காற்றையும் கனத்தையும் கொண்டு பதரையும் நெல்லையும் பிரிப்பது இதற்கு உறவான கலையே. ஆனால் காற்று மெல்லச் செல்லும்போது அது சரிவர வேலை செய்யாது. சாய்ந்து திரும்பும் இருசக்கர வண்டிக்கு எண்ணெய்க் கிண்ணம் உகந்ததும் அன்று. டிராக்டருக்கும் லாரிக்கும் அதை விட்டுவிடலாம்.

மடிப்பு மடிப்பாகச் செய்த காகித வடிகட்டி நுண்துகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு போக மற்றவற்றைப் பிடித்துவிடுகிறது. சற்றே தூசி படிந்த காகிதம், புதிய காகிதத்தினும் நன்றாக வடிகட்டும் என்பது பலரும் அறியாதது. படிந்த தூசியே பின்வரும் தூசிக்கு வலையாகிறது. ஆதலின் வாரந்தோறும் அதைக் கழற்றித் தரையில் தட்டுவது பராமரிப்பு ஆகாது. காகிதத்தைக் கிழிப்பதற்கே அது வழி. நீர் பட்டாலும் அது கெடும். எண்ணெயிட்ட பருத்தி வலையும் நுரைப்பஞ்சும் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுவன. ஆனால் எண்ணெய் உலர்ந்தால் தூசி நுழையும்; மிகுந்தால் மூச்சு அடைக்கும். நுரைப்பஞ்சு ஆண்டுகள் கடந்தால் உதிர்ந்து, தானே எஞ்சினுக்குள் போய்விடுவதும் உண்டு.

இப்பொழுது இளைஞரிடையே ஒரு நாட்டம் காண்கிறோம். பழைய வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைக் கழற்றியெறிந்து, கார்புரேட்டர் வாயிலேயே கூம்பு வடிவான திறந்த வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். ஒலி கம்பீரமாகிறது, ஆற்றலும் கூடிற்று என்று எண்ணுகிறார்கள். ஒலியைக் குறித்து வாதமில்லை. ஆனால் அப்பெட்டி ஒலியை அடக்குவதோடு, மூச்சின் துடிப்பையும் சமன் செய்துகொண்டிருந்தது. அதன் எதிர்ப்புக்கேற்பவே கார்புரேட்டரின் ஜெட் துளை அமைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பை நீக்கிவிட்டுத் துளையை அப்படியே விட்டால், காற்று மிகுந்து பெட்ரோல் குறையும், எஞ்சின் சுடும், பிளக்கின் நுனி வெளுக்கும். மாறாக, வடிகட்டி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் மிகும், பிளக் கரி பூசும், செலவு ஏறும். நுனி பிஸ்கோத்தின் நிறத்தில் இருப்பதே நலம். இன்றைய வண்டிகளில் மின்னணுக் கருவி இதையெல்லாம் ஓரளவு திருத்திக்கொள்கிறது. 1950களின் அமால் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதனை ஓட்டுபவருக்கே அது வேண்டும்.

அன்றியும், திறந்த கூம்பு நிற்கும் இடம் எஞ்சினின் பின்புறம், சக்கரத்திற்கு அணித்து. புழுதியும் மழைநீரும் வெப்பமும் ஒருங்கே வந்து சேரும் இடம் அது. நாற்பது பாகை வெயிலில் காற்று, இருபது பாகையில் இருப்பதைவிட நூற்றுக்கு ஆறு பங்கு மெலிந்துவிடுகிறது. எஞ்சினின் சூட்டையும் சேர்த்து அதற்கு ஊட்டுவானேன்? பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓடி மறுநாள் பிரிக்கப்படும் வண்டிக்கு அது தகும். குன்றக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நாள்தோறும் போய்வரும் பழைய வண்டிக்குப் பெட்டியும் காகிதமுமே தக்கவை என்பது என் துணிபு. காகிதம் பொருந்தாத மிகப் பழைய பெட்டியானால், எண்ணெயிட்ட பருத்தியை ஒழுங்காகக் கழுவி இடலாம்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள்களைத் தேடி வருவோர், தேக்குத் தூணிலும் எனாமல் பாத்திரத்திலும் ஒரு கீறல் இல்லாமையைப் பார்த்து விலை பேசுகிறார்கள். பழைய எஞ்சினின் கீறல் உள்ளே இருப்பதால் அவ்வாறு பார்க்க முடிவதில்லை. ஆயினும் அழகப்பர் கல்லூரிகளிலும் பிற கல்லூரிகளிலும் பயிலும் நீங்கள் எளிதாகச் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. புதிய காகித வடிகட்டியை ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் நிறுங்கள். கூடியிருக்கும் எடை, நுரையீரலுக்குப் போகாமல் வாயிலில் நின்ற செட்டிநாட்டு மண்.

மற்றொன்று அதனினும் எளிது. பலர் செய்யத் தவறுவதும் அதுவே. விலையுயர்ந்த வடிகட்டி இட்டிருந்தும், பெட்டியையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால், காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு அவ்வழியே போய்விடும். அந்தக் குழாயைக் கழற்றி, தூய வெள்ளைத் துணியைச் சிறிது நனைத்து விரலில் சுற்றி, உட்புறத்தைக் கார்புரேட்டர் பக்கமாக ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணி வெண்மையாகவே வந்தால் பூட்டிவிடலாம். செம்மை ஏறியிருந்தால், வண்டியை எடுக்குமுன் குழாயை மாற்றுங்கள்.