நெடுந்தீவுக்கு எந்த மாதம் போகலாம்?

2023 அக்டோபர் 14. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 'செரியாபாணி' என்ற பயணிகள் கப்பல் கிளம்பியது. பல ஆண்டுகள் கழித்து வந்த கப்பல். பிரதமர் காணொளி மூலம் தொடங்கி வைத்தார். அந்த மாதம் 20ஆம் தேதியோடு சேவையை நிறுத்திவிட்டார்கள். காரணம் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது கடலில் புதுக் கப்பல் விடலாமா என்று மரக்காணம் உப்பளத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அடுத்து 'சிவகங்கை' என்ற கப்பல் 2024 ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியது.

கப்பல் வந்த பிறகு நண்பர்கள் சிலர், "யாழ்ப்பாணம் போனால் நெடுந்தீவையும் பார்த்துவிடலாமா, எப்போது போனால் நல்லது?" என்று கேட்கிறார்கள். இது பழைய கேள்வி. பாய்மரத் தோணி ஓட்டிய காலத்திலேயே இரு கரையிலும் கேட்ட கேள்வி.

நெடுந்தீவு யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள பெரிய தீவுகளில் ஒன்று, சுமார் 50 சதுர கிலோமீட்டர். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. கடலில் கிடைக்கும் முருகைக்கல்லைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் வேலி கட்டியிருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். லெய்டன், ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் எல்லாம் மறைந்துபோக, 'டெல்ஃப்ட்' மட்டும் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வாரிசுகள் வெட்டவெளியில் திரிகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இவற்றைப் பெருக்கினார். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் புயலும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இதே கடல் பக்கம்தான் வந்தது; நம் வயதுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வைகாசிக்குப் பிறகு சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. வானம் தெளிவாக இருக்கும், ஆனால் அலை தூக்கிப் போடும். நிலம் காய்ந்து, கிணறு உவர்த்து, குதிரைகள் தண்ணீருக்கு அலையும்.

ஆகவே பார்க்கப் போகிறவர்களுக்கு மாசியும் பங்குனியும்தான். மழைத் தண்ணீர் குளங்களில் மிச்சம் இருக்கும், புல் பச்சையாக இருக்கும், கடல் அடங்கியிருக்கும். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவும் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் வருவதைக் கவனியுங்கள். தேதியைத் தவக்காலம் முடிவு செய்கிறது என்றாலும், ராமேசுவரத்துப் படகுக்கும் நெடுந்தீவுப் படகுக்கும் ஒருசேர ஒத்துவரும் காலம் அது. 285 ஏக்கர்; குடிக்கத் தண்ணீர் கிடையாது. வேறு மாதத்தில் கூட்டம் கூடினால் என்ன பாடாகும்! 1974 ஒப்பந்தம் போட்டவர்கள்கூட, நம் யாத்ரீகர்கள் விசா இல்லாமல் அங்கே போய்வர இடம் விட்டுத்தான் எழுதினார்கள்.

நம் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. செங்கை ஆழியான் 1973இல் எழுதிய 'வாடைக்காற்று' நாவல் நெடுந்தீவில் நடப்பது. வாடை தொடங்கியதும் வெளியூர் மீனவர்கள் அந்தக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்கிறார்கள். காற்று மாறினால் கிளம்பிவிடுகிறார்கள். நாம் தள்ளிப்போடு என்கிற காற்றில் அவர்களுக்குப் பிழைப்பு. 1978இல் அது சினிமாவாகவும் வந்தது. தீவுக்குப் போகுமுன் முடிந்தால் அந்த நாவலைப் படித்துவிடுங்கள்.

தீவிலேயே குடியிருப்பவர்களுக்கோ மாதம் பார்க்கும் வசதியே இல்லை. பிரசவம் ஆனாலும் காய்ச்சல் ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் அதே படகு, அதே ஒரு மணி நேரம், சோளகமோ வாடையோ.

நம் உப்பளக்காரர்கள் தை மாதம் பாத்தி மிதிக்க இறங்கி, முதல் உப்பு வாரும் சமயத்தில் நீங்கள் மூட்டை கட்டினால் சரியாக இருக்கும். கப்பல் ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.