சுவரை இடிக்கும் முன் எழுதி வைத்த ஊர்

திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயில் என்றதும் எல்லோரும் நந்தி கல்யாணத்தைத்தான் சொல்வார்கள். சர்வீஸ் முழுக்கக் கோப்புகளோடு காலம் கழித்த குமாஸ்தாவான எனக்குக் கண் போவது அங்குள்ள கல்வெட்டுகளின் மேல்தான். முதலாம் இராஜராஜன் தனது 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், இந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளை ஒரு புத்தகத்தில் பிரதி எடுத்த பிறகே இடிக்க வேண்டும் என்பது உத்தரவின் இன்னொரு பகுதி. அடுத்த ஆண்டே மன்னன் மறைந்தான். மகன் இராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், 1026-இல், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இடையில் பதின்மூன்று வருடம். ஆட்சி மாறியது, பிரதி தொலையவில்லை.

கோயில் கல்வெட்டு என்பது பெரும்பாலும் தானக் கணக்குதான். எழுத்து அழிந்தால் பாத்தியதையும் போய்விடும். அன்றைய அதிகாரிகளுக்கு அது தெரிந்திருந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் நம் பக்கத்து முன்னாள் ராணுவத்தாரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஓய்வு பெற்றபின் இந்த ஊரில் குடியேறியதிலிருந்து அவர்களுக்காக நிறைய மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு சிப்பாயின் காகிதம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆள் என்றால் பணிப் பதிவேடு நீலகிரியில் வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில். பென்ஷன் ஆணை போடும் இடம் பிரயாக்ராஜ் என்று பெயர் மாறிய அலகாபாத். மனுவைச் சிபாரிசு செய்வது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இதில் ஏதாவது ஓரிடத்தில் பெயர் எழுத்து மாறியிருந்தால் போதும், மனு சுற்ற ஆரம்பித்துவிடும். ரிக்ரூட்டிங் ஆபீசில் வடநாட்டு ஹவில்தார் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று, வாக்காளர் பட்டியலில் மூன்றாவது. லீவில் வந்து நடந்த கல்யாணத்தைப் படைப்பிரிவில் தெரிவித்து ‘பார்ட் டூ ஆர்டர்’ போடாமல் விட்டிருந்தால், நாற்பது வருடம் குடும்பம் நடத்திய மனைவியும் ஏட்டில் இல்லாதவள் ஆகிவிடுவாள்.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ராணுவ விதிப்படி பென்ஷன் பெற்றவரின் பணி ஆவணம் 50 வருடம் இருக்கும். பென்ஷன் இல்லாமல் வந்தவருடையது 25 வருடம் மட்டுமே, அதன்பின் அழித்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். போர் முடிந்ததும் பெரும்பாலோரைப் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1946-இல் வந்தவனுக்கு 1971-லேயே கெடு முடிந்துவிடுகிறது. பிற்காலத்தில் அந்தப் போர்வீரர்களுக்கும் விதவைகளுக்கும் மாநில அரசு மாதாந்திர உதவித்தொகை கொடுக்க முன்வந்தபோது, முதலில் கேட்டது படையிலிருந்து விடுவித்த சான்றைத்தான். கூரை வீட்டில் கரையான் தின்றது போக மிஞ்சியவர்களுக்கே அது கிடைத்தது.

பக்கத்துக் கிராமத்துப் பாட்டி ஒருவருக்காக நான் எழுதிய கடிதத்துக்குப் பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது: “கெடு முடிந்ததால் ஆவணம் அழிக்கப்பட்டது.” படித்துச் சொன்னேன். “எரிச்சது அவங்க, காட்டச் சொல்றது என்னையா தம்பி?” என்று கேட்டார். என் சர்வீசில் இத்தனை சுருக்கமான ஆட்சேபணைக் குறிப்பை நான் பார்த்ததில்லை.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் கதை இன்னும் சிக்கல். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கூலிக்காரத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது. சுதந்திரத்தின் வெள்ளிவிழா நாளான 15-8-1972 முதல் மத்திய அரசு தியாகிகளுக்குப் பென்ஷன் கொடுத்தது. 1980-இல் வருமான உச்சவரம்பையும் நீக்கியது. பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் அடைபட்டுக் கிடந்தவன் எந்த ஜெயிலரிடம் போய்ச் சான்று வாங்குவான்? பதிவேடு இல்லை என்றால் உடன் சிறையிருந்தவரின் சான்று செல்லும் என்றார்கள். அந்த உடன் சிறைவாசியும் உயிரோடு இருக்க வேண்டுமே! காலக்கெடுவைக் காட்டித் தள்ளிய மனுக்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று 1993-இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்ற வழக்கில் கேட்பது போன்ற கறாரான நிரூபணத்தைத் தியாகியிடம் கேட்கக்கூடாது என்று 2001-இல் குர்தியால் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. அதற்குள் சுதந்திரம் வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ‘சொல்தா’ வீடுகளுக்கு வரும் கடிதங்களைச் சிறுவயதிலேயே படித்துச் சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களையும் புகழ்ந்துவிட முடியாது. 1959-இல் ஒரு சட்டம் போட்டு, பழைய காலனி நாட்டு வீரர்களின் பென்ஷனை அப்படியே உறைய வைத்தார்கள். அந்தப் பாகுபாடு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அவர்களுடைய அரசியலமைப்புச் சபை சொன்னது 28-5-2010 அன்று. புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் உடன்படிக்கையும் 1956-இல் அதே மே 28 அன்றுதான் கையெழுத்தானது. ஆனால் ஒன்று: ராணுவத்தாரின் தனி ஃபைல்களைச் சேர்த்து வைக்கவென்றே தெற்கு பிரான்சில் போ என்ற ஊரில் ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறார்கள். பணம் தாமதமானால் பின்னால் கேட்டு வாங்கலாம். ஃபைலை எரித்துவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது?

இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்று எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பழைய ஏட்டில் இருந்த எழுத்துப்பிழையும் அதோடு கம்ப்யூட்டருக்குப் போயிருந்தால், திருத்த மறுபடி மனுதான் போட வேண்டும். ஆகவே வீட்டில் பட்டாளத்துப் பெரியவர் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை இரண்டிலும் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அவர் இருக்கும்போதே பாருங்கள். படை எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். பெயர் எத்தனை விதமாக மாறினாலும் அந்த எண் பெரும்பாலும் மாறாது. பதில் வராவிட்டால் 2005-ஆம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். முப்பது நாள் கெடு அவர்களுக்கு. தாண்டினால் மேல்முறையீடு செய்யலாம்.

ஏட்டைக் காப்பது குடிமகன் வேலை மட்டுமல்ல. இடிக்கச் சொன்னவனே பிரதி எடுக்கவும் சொன்னான் என்பதற்கு ஆயிரம் வருடத்துச் சாட்சி நம் ஊர்ச் சுவரில் இருக்கிறது. ஆவணத்தை எரித்த அலுவலகம், அது இல்லாத பழியை மனுதாரர் தலையில் கட்டக்கூடாது. பாட்டி கேட்டதும் அதைத்தான்.