பாங்கின் மொழி

துருக்கியில் 1932ல் பாங்கை மொழிபெயர்த்தார்கள். மினாராவிலிருந்து தினம் ஐந்து வேளை அரபியில் ஒலித்த தொழுகை அழைப்பு துருக்கிமொழிக்கு மாறியது. 'அல்லாஹ்' போய்த் 'தன்ரி' வந்தது. மீட்சி என்று பொருள்படும் 'ஃபலாஹ்' மட்டும் அரபியிலேயே தங்கிவிட்டது.

வெகுநாள் நான் இதன் கட்சி. தமிழ் அர்ச்சனைக்காகப் பேசியவன் வேறெப்படிப் பேசுவது? தொழுகிறவனுக்குப் புரியட்டுமே என்பது என் வாதம். இப்போது அத்தனை நிச்சயமில்லை.

1924 மார்ச் 3ந் தேதி கிலாபத்தை ஒழித்த அங்காரா சட்டசபை, அதே தினம் மத விவகாரங்களுக்கென்று ஓர் இலாகாவையும் உண்டாக்கியது. மதத்தை அரசிலிருந்து பிரித்தார்கள் என்று நாம் படித்தது பாதி உண்மைதான். மதம் அரசின் ஓர் ஆபீஸ் ஆயிற்று. பாங்கு மாறியதும் அந்த ஆபீஸின் சுற்றறிக்கையால். வங்கி குமாஸ்தாவான எனக்குச் சுற்றறிக்கையின் சக்தி தெரியும். கையெழுத்து வாங்கும், சம்மதம் வாங்காது. 1933ல் பூர்ஸாவில் எதிர்ப்புக் கிளம்பியது. 1941ல் அரபிப் பாங்கு தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

1950 மே தேர்தலில் மெண்டெரஸின் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. ஜூனில் தண்டனையை நீக்கினார்கள். துருக்கிப் பாங்கைத் தடை செய்யவில்லை. எந்த மொழியிலும் சொல்லலாம் என்றானது. அத்தாதுர்க்கின் கட்சிகூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. பதினெட்டு வருஷத்துப் பாங்கு சீக்கிரமே மினாராவை விட்டு இறங்கிவிட்டது.

மேலிருந்து திணித்தது எதுவும் நிற்காது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. 1928ல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த லத்தீன் எழுத்து நின்றுவிட்டது. அன்று துருக்கியில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பழைய எழுத்து போனதில் அவர்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை. புது எழுத்தில் பள்ளிக்கூடம் வந்தது. பாங்கு அப்படியல்ல. எழுத்தறியாதவனுக்கும் அது மனப்பாடம். அவனிடம் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, 'உனக்குப் புரிவதற்காக' என்றார்கள். அனடோலியாவின் குடியானவனுக்கு அது தொழுகைக்கான அழைப்பு என்று புரியாமலா இருந்தது? புரிதலை அகராதியோடு நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள் மட்டுமல்ல, நானும்தான்.

தமிழ் அர்ச்சனையை நான் கைவிடவில்லை. ஆனால் 'இங்கு தமிழிலும் அர்ச்சனை செய்யப்படும்' என்று கோயில் பலகையில் இருக்கிறதே, அந்த உம்மையை முன்பு கோழைத்தனம் என்று நினைத்தேன். 1932ன் சுற்றறிக்கையில் இல்லாமல் போனது அதுதான். 1950ல் அது வந்தபோது, மக்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பது நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதற்காக அதை எடுத்துவிட நமக்கு உரிமையில்லை.