தோட்டத்துக் கம்பளியும் காசுமீரச் சட்டையும்

தமிழர் வெம்மை மிகுந்த நிலத்தினர். அவர்தம் உடை பருத்தி ஒன்றே என்பது பொதுவாக நிலவும் கருத்து. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர் கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றினைக் குளிருக்கே ஒதுக்கினர். மேய்ச்சலை மறந்த மாடுகளையும், தீயிற் காய்ச்சிய கையைக் கன்னத்தில் ஒற்றி நடுங்கும் கோவலரையும் நெடுநல்வாடை காட்டுகிறது. மதுரைக் கடைத்தெருவில் பருத்தி நூலாலும் பட்டாலும் மட்டுமன்றி, மயிராலும் நெய்த துணிகள் விற்கப்பட்டதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. சீவக சிந்தாமணியில் எலிமயிராலான போர்வையே வருகிறது.

மயிலுக்குப் பேகன் கம்பளி போர்த்தினான் என்று வகுப்பறையில் சொல்வோர் உளர். பாடல்களில் அச்சொல் இல்லை. சிறுபாணாற்றுப்படை கலிங்கம் என்கிறது. புறநானூறு படாம் என்கிறது. இரண்டும் துணியைப் பொதுவாகக் குறிப்பனவே. ஆவினன்குடி மலைச்சாரலின் குளிரை நினைந்து, அது கம்பளியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தார் கொண்டனர் போலும்.

கம்பளி ஏழையின் உடைமையாகவே தமிழகத்தில் வளர்ந்தது. குறும்பாட்டின் முரட்டு மயிரைக் கத்தரித்து நூற்றுக் கம்பளி நெய்தவர் குறும்பர். கறுத்தும் கனத்தும் இருந்த அப்போர்வை ஆட்டிடையனுக்கு மழையில் குடை, இரவில் பாய், பனியில் சட்டை. ஆங்கிலேயர் அச்சொல்லைக் ‘கம்ப்ளி’ என்று தம் வழக்கிற் சேர்த்துக் கொண்டனர். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் அது இடம் பெற்றுள்ளது. மலாய் மொழியிலும் ‘கம்பெலி’ என்ற சொல் உண்டு.

கடல் கடந்த தமிழரின் மூட்டையிலும் கம்பளி இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளர் மேல்தளப் பயணிகளாக வங்கக் கடலைக் கடந்தனர். கீழே விரிக்கவும் மேலே போர்த்தவும் அவர்களிடம் இருந்தவை பாயும் போர்வையுமே. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை இவ்வழியில் ஓடிய ‘ரஜூலா’ கப்பலை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கின்றன. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், பல்லாயிரவர் இந்நாட்டு மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த இடமாகும்.

வெப்ப நாடாகிய மலாயாவில் கம்பளி எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். விடை இரப்பர் மரத்தில் இருக்கிறது. மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் தாழ்ந்து ஒழுக்கு நின்றுவிடும். ஆதலின் விடியுமுன்னரே பெரட்டுக்கு மணி அடித்தது. பனி சொட்டும் நிரைகளுக்குள் இருட்டிலேயே இறங்க வேண்டியிருந்தது. தொழிலாளியை நடுக்கிய குளிரே தோட்டத்துக்கு வருவாய் தந்தது. தலையையும் தோளையும் பழந்துணியாலோ கம்பளியாலோ போர்த்திக்கொண்டு வெளிச்சம் வருமுன் சென்றவர்களின் நடை, கிள்ளான், காப்பார், காஜாங் வட்டாரத் தோட்டங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் அன்றாடக் காட்சியாக இருந்தது.

இலங்கை மலைநாட்டிலோ கம்பளியே கடனாயிற்று. தேயிலைத் தோட்டத்தார் வழங்கிய கம்பளியின் விலை தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டு, கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. அரிசிக் கடனும் பயணக் கடனும் முன்பே நிற்க, உடலின் சூட்டைக் காக்கும் துணியும் கணக்கேட்டில் ஏறியது. கூலி உயர்வுக் கோரிக்கைகளைப் பேசும் வரலாற்று நூல்கள் இத்தகைய சிறு பற்றுகளை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. அவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் தொழிலாளியின் கையில் மிஞ்சியது எவ்வளவு என்பது விளங்கும்.

கம்பளியின் அருமை அஃது இல்லாத காலத்தில் தெரிந்தது. 1942 முதல் 1945 வரை நீண்ட சப்பானியர் ஆட்சியில் துணி இறக்குமதி அற்றுப்போயிற்று. தோட்ட மக்கள் சாக்குப் பைகளை உடுத்தனர். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை வேலைக்குச் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் சரக்கு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். 1943ஆம் ஆண்டுப் பருவமழையில், ஒழுகும் கொட்டகைகளில், அரிசிச் சாக்கே அவர்களுக்குப் போர்வை. வாந்திபேதியும் முறைக்காய்ச்சலும் பட்டினியும் கொன்றன என்று எழுதுகிறோம். ஈரத்தையும் குளிரையும் அவற்றோடு சேர்த்து எழுதுவது முறை. பாதை அவ்வாண்டு அக்டோபர் 17இல் இணைக்கப்பட்டது. சென்றவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை.

போருக்குப் பின் கம்பளியின் கதை வேறு தடம் பிடித்தது. பின்னிய கம்பளிச் சட்டையாகிய சுவெட்டர் படித்தவர் வீடுகளுக்குள் நுழைந்தது. வியர்வை வரச் செய்வது என்பதே அவ்வாங்கிலப் பெயரின் பொருள். விளையாட்டு வீரர் உடலை வியர்க்கச் செய்து எடை குறைக்க அணிந்தமையால் எழுந்த பெயர் அது. எப்போதும் வியர்க்கும் கோலாலம்பூரில் அப்பெயருடைய சட்டையை விலை கொடுத்து வாங்கியது வேடிக்கைதான். எனினும் தேவை இருந்தது. 1952 முதல் 1962 வரை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரருகே இயங்கிய கர்க்பி மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மலாய், சீன, இந்திய இளைஞர்கள் சென்றனர். அந்நாட்டுக் குளிரில் கம்பளிச் சட்டை அன்றாட உடை. இங்கேயும் கேமரன் மலைக்குச் செல்வோருக்கு அது பயன்பட்டது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட அம்மலையில் கொழுந்து பறித்தவருள் தமிழரே மிகுதி. சுற்றுலாவாக ஏறியவர் சட்டை அணிந்து குளிரை நுகர்ந்த இடத்தில், கூடை சுமந்தவர் படங்கையும் கம்பளியையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு குளிரோடு உழைத்தனர்.

சுவெட்டர்களுள் உயர்ந்ததாகப் பேசப்படுவது காசுமீரம். காசுமீரம் என்பது ஊர்ப்பெயரேயன்றி, அம்மயிர் விளையும் இடம் அதற்கும் அப்பாலுள்ளது. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வாழும் வெள்ளாடுகள், கடுங்குளிரைத் தாங்க முரட்டு மயிருக்கு அடியில் மென்மயிர் வளர்க்கின்றன. வேனில் தொடங்கியதும் அதைச் சீப்பால் வாரி எடுப்பர். ஓராடு தருவது சில நூறு கிராமுக்கும் குறைவு. முரட்டு மயிரை நீக்கியபின் இன்னும் சுருங்கும். ஒரு சட்டைக்கு மூன்று நான்கு ஆடுகளின் மயிர் வேண்டும். இதன் மதிப்பை அரசுகளும் அறிந்திருந்தன. 1846ஆம் ஆண்டு அமிர்தசரசு உடன்படிக்கையின்படி, குலாப் சிங் ஆங்கிலேயருக்கு ஆண்டுதோறும் செலுத்த ஒப்பிய திறை ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று இணைக் காசுமீரச் சால்வைகள் என்பனவாம். காசுமீரப் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அப்பெயரால் மலிவாக விற்கப்படும் போர்வைகள் பல செயற்கை இழையால் ஆனவை. ஒரு வேளை உணவின் விலைக்கு ஓராண்டு மயிர் கிடைக்காது என்ற கணக்கு ஒன்றே வாங்குவோர்க்குப் போதும்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிரை வானம் தருவதில்லை. குளிர்சாதனப் பொறி தருகிறது. பிரிக்பீல்ட்ஸ் ஒரு காலத்தில் இரயில்வே ஊழியரின் குடியிருப்பு. அதையொட்டிய பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அதனைச் சூழ அலுவலக மாடங்கள் உயர்ந்தன. அவற்றுள் பணிபுரியும் இளம்பெண்கள் நாற்காலியின் முதுகில் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையை நிலையாகத் தொங்கவிட்டிருப்பர். காலையில் வியர்வையோடு வந்து அதை அணிவர். மாலையில் கழற்றி வைத்துவிட்டு வெயிலுக்குள் இறங்குவர். அவர்களுள் பலருடைய பாட்டிமார், பொழுது விடியுமுன் கம்பளியைப் போர்த்திப் பொழுது ஏறியபின் அதை மடித்து மரத்தடியில் வைத்தவர்கள்.