கீழாநெல்லியும் 1988ஆம் ஆண்டுச் சோதனையும்: ஒரு மறுவாசிப்பு

கீழாநெல்லி ஆய்வைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றைப் பற்றிக்கொள்கிறார்கள். சித்த மருத்துவம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது, பலனை அமெரிக்கக் காப்புரிமை கொண்டுபோனது என்பது ஒன்று. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை மறுசோதனையில் தோற்றது, ஆகவே பொருட்படுத்தத் தக்கதன்று என்பது மற்றொன்று. இரு தரப்பும் அக்கட்டுரையைத் தீர்ப்பாகப் படிக்கின்றன. அது தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கும் சேர்ந்து எழுதியது அது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸை நாள்பட உடலில் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்தோ போலி மருந்தோ கொடுத்தனர். முடிந்து 15 முதல் 20 நாளில் பார்த்தபோது, மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் (59%) வைரஸ் இருப்பைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் இல்லை. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவரிடம் (4%) மட்டுமே அது மறைந்திருந்தது.

37-க்கு 23 என்ற சமனின்மை ஐயத்தை எழுப்புவது நியாயமே. போலி மருந்துத் தரப்பிலும் 37 பேர் இருந்து, கூடுதலான 14 பேருமே ஆன்டிஜெனை இழந்ததாகக் கொள்வோம். அப்போதும் 37-இல் 15, அதாவது 41%தான். அந்த அளவு வேறுபாட்டில் தற்செயலுக்கு இடமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதைவிடக் கடுமையாக இந்தச் சமனின்மையை அக்கட்டுரைக்கு எதிராக நிறுத்த முடியாது. அப்படி நிறுத்தியும் வேறுபாடு முற்றிலும் மறையவில்லை.

1990இல் தாய்லாந்துச் சோதனை எதிர்மாறான விடை தந்தது. ஐயவாதிகள் அத்துடன் ஏட்டை மூடிவிடுகிறார்கள். நான் மூடத் தயங்குகிறேன். புளூம்பெர்க் குழுவின் 1987ஆம் ஆண்டு ஆய்வக அறிக்கை செடியைப் பில்லாந்தஸ் நிரூரி என்றது; 1988இல் அது பில்லாந்தஸ் அமாரஸ் ஆனது. இனத்தை உறுதிப்படுத்துவதே தடுமாறிய நிலையில், விளைந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை எல்லாம் எங்கே நிலைப்பட்டிருக்கும்? செடியின் செயற்பொருள்களைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்பதுதான் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையின் கடைசிக் கோரிக்கை. அது நிறைவேறாமல் நடந்த மறுசோதனை, அதே மருந்தைத்தான் சோதித்தது என்று எப்படிச் சொல்வது?

தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் இன்றும் மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுப்பார்கள் என்ற வாதம் இங்கே உதவாது. திடீரென வரும் காமாலையில் பெரும்பகுதி தானே தணிவது.

இனி காப்புரிமை வாதத்துக்கு வருவோம். புளூம்பெர்க் பணிபுரிந்த ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் கீழாநெல்லி மருந்துக்குக் காப்புரிமை பெற்ற அதே 1987இல், கலிபோர்னியாவில் கிலியட் என்ற சின்னஞ்சிறு நிறுவனம் தொடங்கியது. பிராகாவில் அன்டோனின் ஹோலியும் லூவனில் எரிக் டி கிளர்க்கும் வளர்த்த மூலக்கூறுகளை அது ஏற்றெடுத்தது. அவற்றின் வழிவந்த டெனோஃபோவிர் 2001இல் எச்.ஐ.வி.க்கும், 2008இல் ஹெப்படைட்டிஸ் பி-க்கும் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. கீழாநெல்லிக் காப்புரிமையிலிருந்து அப்படியொரு மருந்து பிறக்கவில்லை. வெளிநாட்டுச் சதி என்பதற்கு நான் கண்ட எழுத்துகளில் ஆவணம் இல்லை. ஒரு மூலக்கூறைத் தனித்தெடுத்து, ஒவ்வொரு தொகுதியும் ஒன்றுபோல் இருப்பதை உறுதிசெய்து, இருபது ஆண்டு பொறுத்து நடத்தும் உழைப்பே குறைவுபட்டது என்பது என் துணிபு.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. செடி மாதிரிகளை முறையாகப் பாதுகாத்து, வேதிக் கூறுகளை அளந்து, வைரஸைச் சுமப்பவர்களை 1988ஆம் ஆண்டுச் சோதனையைப் போல அதிகபட்சம் ஒன்பது மாதத்தோடு விட்டுவிடாமல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் சோதனை ஒன்றை அங்கேயே தொடங்கலாம்.