எல்லைக் கோடும் இருப்புப் பாதையும்

ஆர்.கே.பேட்டையில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ஆனால் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம், "உங்கள் ஊருக்கு ஸ்டேஷன் எது, ஐயா?" என்று கேட்டபோது அவர் சற்றும் தயங்காமல், "சென்ட்ரல்தான், வேறென்ன?" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், சிரித்தது தவறு என்று தெரிந்தது.

ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற நீண்ட பெயரைச் சுருக்கிக்கொண்ட அந்த ஊர், தறிக்காரர்களின் ஊர். பட்டணம் போக வேண்டியவர் கிழக்கே திருத்தணியில் ரயில் ஏறலாம்; தெற்கே சோளிங்கர் ஸ்டேஷனிலும் ஏறலாம். எப்படிப் போனாலும் வண்டி அரக்கோணத்துக்கு வந்தாக வேண்டும். அரக்கோணத்தைத் தாண்டினால் அப்புறம் சென்னைதான்.

இந்த ஏற்பாடு 1856-இல் ஆரம்பமாயிற்று. அவ்வருஷம் ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் தேதியிலிருந்து ஜனங்களுக்காக வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை சென்றது. அரக்கோணத்தில் பிரிந்து வடமேற்கே சென்ற கிளை 1871-இல் ராய்ச்சூரை அடைந்து, பம்பாயிலிருந்து வந்த பாதையோடு கைகோத்துக்கொண்டது. திருத்தணி இந்தக் கிளையில்தான் இருக்கிறது.

பம்பாய் வரை வண்டி போக ஆரம்பித்ததும் ராயபுரத்தில் இடம் போதவில்லை. 1873-இல் சென்ட்ரல் பிறந்தது. அது எழுந்த இடம் ஜான் பெரேரா தோட்டம். பெரேரா, 1660-இல் நாகப்பட்டினத்திலிருந்து வந்து குடியேறிய போர்ச்சுகீசிய வியாபாரி. அவர் காற்று வாங்கிய தோட்டம் பிற்காலத்தில் பாழடைந்து, சூதாட்டமும் சேவற்சண்டையும் நடக்கும் இடமாகிவிட்டதாம். சேவல்கள் கூவிய இடத்தில் எஞ்சின்கள் கூவின! ஹார்டிங் என்ற எஞ்சினீயர் கட்டிய கட்டடத்துக்குச் சிசோல்ம் மணிக்கூண்டு முதலிய அலங்காரங்களைச் சேர்த்தார்.

சென்ட்ரலில் இறங்கிய கிராமத்து மனிதருக்கு வேண்டிய சகலமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. படுக்க இடம் வேண்டுமா? எதிரே ராமசாமி முதலியார் சத்திரம். உடம்பு சரியில்லையா? ரயில் வருவதற்கு நூறு வருஷம் முன்பே, 1772-இல், அங்கே குடிவந்துவிட்ட ஜெனரல் ஆஸ்பத்திரி. சாமான் வாங்க வேண்டுமா? பக்கத்திலேயே 1900-இல் திறந்த மூர் மார்க்கெட். பழைய புஸ்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக் கிளி, எல்லாம் அங்கே கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவர் பணத்தை இழப்பதும் உண்டு. அதை ஒட்டி மிருகக்காட்சிசாலை. எழும்பூர் மியூஸியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் இதை 'உயிர் காலேஜ்' என்றும் ஜனங்கள் சொன்னார்கள். இரண்டு காலேஜையும் பார்த்தவரே பட்டணம் பார்த்தவர்!

இப்படி நூறு வருஷமாகப் போய் வந்துகொண்டிருந்தவர்களின் நடுவே திடீரென்று ஒரு கோடு விழுந்தது. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணிப் பகுதியும் அதில் சேர்ந்தது. சென்னைப் பட்டணம் சென்னை ராஜ்யத்திலேயே நின்றுவிட்டது. தெலுங்கு பேசுகிறவர்கள் பட்டணம் தங்களுடையது என்று வாதாடினார்கள். அவர்களுடைய வண்டிகளும் சென்ட்ரலில்தானே வந்து நின்றன? தமிழர்களோ திருத்தணி தங்களுடையது என்று ம.பொ.சி. தலைமையில் போராடினார்கள். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆர்.கே.பேட்டையும் கூடவே வந்தது.

இடையில் இருந்த ஆறரை வருஷத்தைப் பற்றித்தான் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். அப்போது அவர் சிறு பையன்.

"திருத்தணியிலே வண்டி ஏறினா ஆந்திரா. அரக்கோணம் வந்தா மெட்ராஸ் ராஜ்யம். எங்க அப்பாருக்கு அதெல்லாம் எங்கே தெரியும், தம்பி? தோள்லே துணி மூட்டை, கையிலே நான். சென்ட்ரல் மணிக்கூண்டு கண்ணிலே பட்டாத்தான் அவருக்கு மூச்சு வரும்" என்றார்.

சர்க்கார்கள் காகிதத்தில் கோடு போடுவதற்கு முன்பே இரும்பினால் ஒரு கோடு போட்டாகிவிட்டது. எந்த ஊருக்கு எது பட்டணம் என்பதை அந்தக் கோடு தீர்மானித்துவிட்டது. ராஜ்யம் மாறியபோதும் நெசவாளி தம் மூட்டையை வேறு திசைக்குத் தூக்கிச் செல்லவில்லை. காகிதக் கோடுதான் கடைசியில் நகர்ந்து கொடுத்தது.

மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் போயிற்று. அதே வருஷம் உயிர் காலேஜும் வண்டலூருக்குக் குடிபோயிற்று. இன்று திருத்தணியிலிருந்து வரும் புறநகர் வண்டி அந்த மார்க்கெட் இருந்த இடத்திலேயே வந்து நிற்கிறது. இறங்குகிற இளைஞர்கள், கிளி விற்ற இடத்தை மிதித்துக்கொண்டு போவதை அறியமாட்டார்கள். பாதகமில்லை. வெளியே வந்து ஒரு நிமிஷம் திரும்பி, மணிக்கூண்டை மட்டும் அண்ணாந்து பார்க்கட்டும். அவர்களுடைய தாத்தாக்கள் மூச்சு விட்ட இடம் அது.